பழுப்புக் குறுமீனைச் சுற்றும் கோள்நிறைத் துணையை வீட்டு லேப்டாப்பில் கண்டெடுப்பது எப்படி: வடசென்னை வான் ஆர்வலர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ராயபுரம் ரயில் நிலையத்திலிருந்து திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் நேர்கோட்டில் ஏறக்குறைய 6 கிலோமீட்டர். அந்தக் கோபுரத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை நிறுத்திவைத்து ராயபுரத்திலிருந்து பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். நாணயத்தின் இந்த விளிம்புக்கும் அந்த விளிம்புக்கும் நடுவே விழும் கோணம் முக்கால் விகலைக்குச் சற்று மேல். (பாகைக்கு 60 கலை, கலைக்கு 60 விகலை.) 2எம்1207 என்ற பழுப்புக் குறுமீனும் அதன் கோள்நிறைத் துணையும் வானத்தில் விலகி நிற்பது இந்த அளவுதான்: 0.77 விகலை.

சூரியக் குடும்பத்துக்கு வெளியே ஒரு கோள்நிறைப் பொருளை, வேறொரு பொருளுக்குத் துணையாக, நேரடியாகப் படம் பிடித்தது இங்கேதான் முதல்முறை. 2004 ஏப்ரல் 27 அன்று, சிலி நாட்டின் பரனால் மலையிலுள்ள வெரி லார்ஜ் தொலைநோக்கியில், கயேல் ஷோவேன் தலைமையிலான குழு எடுத்த படம் அது. அந்தத் துணையை நீங்களும் கண்டெடுக்கலாம். அது பின்னணியில் தற்செயலாக நிற்கும் விண்மீன் இல்லை என்று நிரூபிக்கலாம், நிறையையும் கணக்கிடலாம். 4 ஜிபி நினைவகம் உள்ள லேப்டாப், ஒரு ஜிபி டேட்டா, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் போதும். வீட்டில் இடமோ இணையமோ சரியில்லை என்றால் கொளத்தூர் முதல்வர் படைப்பகம் போன்ற இடத்தில் உட்கார்ந்தும் செய்யலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். படத்தில் புள்ளி தெரிந்ததும் "கோள்!" என்று சொல்லத் தோன்றும். புள்ளி, அது கூடவே நகர்கிறதா என்ற சோதனை, தொலைவு, ஒளி, வயது, நிறை என்பதுதான் வரிசை. நடுவில் ஒரு படியைத் தாண்டினால் அடுத்து வரும் எண் எதையும் நம்ப முடியாது. இந்த வழிகாட்டி அந்த வரிசையிலேயே போகிறது.

முதலில் சொற்கள்

வியாழனைப்போல் 13 மடங்கு நிறை இருந்தால் உள்ளே டியூட்ரியம் என்ற கன ஹைட்ரஜன் எரியத் தொடங்கும். 75 முதல் 80 மடங்கை எட்டினால் சாதாரண ஹைட்ரஜனே நிலையாக எரிந்து முழு விண்மீனாகிவிடும். இடைப்பட்டது பழுப்புக் குறுமீன். இப்படிப்பட்ட பொருள்கள் இருக்க வேண்டும் என்று 1960-களின் தொடக்கத்திலேயே கணக்குப் போட்டுக் காட்டியவர் இந்தியாவில் பிறந்த ஷிவ் குமார். பெயர் வைத்தவர் ஜில் டார்ட்டர், 1975-ல். ஐயத்துக்கு இடமில்லாத முதல் பழுப்புக் குறுமீன்கள் கையில் சிக்கியது 1995-ல்தான்.

13-க்குக் கீழே இருப்பது கோள்நிறைப் பொருள். இது நிறையைப் பற்றிய சொல். எப்படிப் பிறந்தது என்பதை இது சொல்வதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை முழுக்கத் "துணை" என்று எழுதுகிறோம். "கோள்" என்று சொல்லலாமா என்பதைக் கடைசியில், எண்கள் கைக்கு வந்த பிறகு பார்ப்போம்.

மொட்டை மாடியில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்

வீட்டுத் தொலைநோக்கியில் இது தெரியாது. தாய்ப்பொருளே கண்ணுக்குத் தெரியும் ஒளியில் அவ்வளவு மங்கல். ஆனாலும் எந்தத் திசையில் இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். திரையில் தெரியும் எண்களுக்கு அப்புறம் ஓர் இடம் கிடைத்துவிடும்.

சித்திரை முதல் நாளையொட்டி, இரவு பத்தே முக்கால் மணிக்குத் தெற்கே பாருங்கள். உயரத்தில் அஸ்த நட்சத்திரக் கூட்டம், சாய்ந்த நாற்கரம் போல இருக்கும். தாழ்வாக, அடிவானத்திலிருந்து 20 பாகை உயரத்தில், திரிசங்குவின் உச்சி விண்மீன். அஸ்தத்தின் கீழ்முனையையும் திரிசங்குவின் உச்சியையும் மனத்தில் ஒரு கோட்டால் இணைத்தால், அதன் நடுப்பகுதியில், சென்டாரஸ் மண்டலத்தில் 2எம்1207 இருக்கிறது. வடசென்னையிலிருந்து அது எட்டும் அதிகபட்ச உயரம் 37 பாகை. கையை நீட்டிப் பிடித்த முட்டி ஒன்று சுமார் 10 பாகை என்றால், நாலு முட்டிக்குச் சற்றுக் குறைவு. தண்டையார்பேட்டை, காசிமேடு பக்கம் தெற்கே துறைமுக வெளிச்சம் அடிக்கும். திரிசங்கு தெரியாமல் போனாலும் அஸ்தம் தெரியும். மாதவரம் பக்கம் நிலைமை கொஞ்சம் தேவலை.

மாடியில் இருக்கும்போதே இன்னொரு சோதனையும் செய்துவிடுங்கள். நாம் பயன்படுத்தப்போகும் உத்தி முழுக்க இதில் அடங்கியிருக்கிறது. கண்ணாடி போடுபவர் என்றால், தூரத்தில் ஒரு படகு விளக்கையோ தெருவிளக்கையோ பாருங்கள். கண்ணாடியிலுள்ள கீறலால் விளக்கிலிருந்து ஒரு கோடு கிளம்பும். தலையை 25 பாகை சாயுங்கள். கோடு தலையோடு சேர்ந்து சாயும். விளக்குக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன விளக்கு உண்மையிலேயே இருந்தால் அது சாயாது, இருந்த இடத்திலேயே இருக்கும். கருவி உண்டாக்கும் ஒளி கருவியோடு சுழலும், வானத்தில் இருப்பது வானத்தோடு நிற்கும்.

தரவை இறக்குதல்

எந்தத் தரவை எடுப்பது என்பதில்தான் பலர் தடுக்கி விழுகிறார்கள். 2004-ன் மூலப் படங்கள் ஐரோப்பிய தெற்கு வான் ஆய்வகத்தின் காப்பகத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் தரையிலிருந்து எடுத்த அகச்சிவப்புப் படத்தில் வானத்தின் ஒளிர்வைக் கழிக்க வேண்டும். நிமிடத்துக்கு நிமிடம் மாறும் பிம்ப வடிவத்தோடும் மல்லுக்கட்ட வேண்டும். முதல் முயற்சிக்கு அது வேண்டாம். ஹப்பிளின் வைட் ஃபீல்டு கேமரா 3, 2014 ஏப்ரல் 11 அன்று எடுத்த அகச்சிவப்புப் படங்களை எடுங்கள். இதற்கு மூன்று காரணங்கள். காற்று மண்டலம் குறுக்கே இல்லை. தொலைநோக்கியை 25 பாகை திருப்பி இரண்டு நிலைகளில் எடுத்திருக்கிறார்கள். மூன்றாவது காரணம்தான் பெரியது: கண்டுபிடிப்புப் படத்துக்கும் இதற்கும் ஏறக்குறைய சரியாகப் பத்து ஆண்டு இடைவெளி, அதுவும் அதே ஏப்ரல் மாதம். இது ஏன் முக்கியம் என்பது நகர்வுச் சோதனையில் தெரியும்.

ஹப்பிள் படங்களைச் சேமித்துவைத்திருக்கும் மாஸ்ட் இணையக் காப்பகத்தில் கணக்குத் தொடங்காமலே தேடலாம். ஆயத்தொலைவு: வல ஏற்றம் 12 மணி 07 நிமிடம் 33.5 விநாடி, நடுவரை விலக்கம் கழித்தல் 39 பாகை 32 கலை 54 விகலை. தேடல் ஆரம் அரைக் கலை. கருவி, ஆண்டு இரண்டையும் வடிகட்டியில் கொடுங்கள். அதே இடத்தில் 2004, 2005-ல் ஹப்பிளின் பழைய நிக்மாஸ் கேமரா எடுத்த படங்களும் பட்டியலில் வரும். இப்போதைக்கு அவற்றைத் தொட வேண்டாம்.

எஃப்125டபிள்யூ, எஃப்160டபிள்யூ என்று இரண்டு வடிகட்டிப் படங்கள் இருக்கும். முதலாவது 1.1 முதல் 1.4 மைக்ரான் வரை, இரண்டாவது 1.4 முதல் 1.7 வரை. எஃப்எல்டி என்று முடியும் ஃபிட்ஸ் (வானியல் பட வடிவம்) கோப்புகள் மட்டும் போதும். 256-க்கு 256 பிக்சல் துண்டு என்பதால் ஒன்று 1 எம்பி அளவில்தான் இருக்கும். நடுவில் கரண்ட் போய் இறக்கம் அறுந்தால் கோப்பு திறக்கும், ஆனால் கடைசிப் பகுதி இல்லாமல் திறக்கும். ஒரே மாதிரிக் கோப்புகளின் அளவு ஒன்றுக்கொன்று பொருந்துகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

மென்பொருளுக்குப் பைத்தான், அதில் ஆஸ்ட்ரோபை, போட்யூட்டில்ஸ் என்ற இரண்டு தொகுப்புகள், படம் பார்க்க டிஎஸ்9. எல்லாம் இலவசம்.

சுத்தம் செய்தல்

ஒவ்வொரு கோப்பிலும் அறிவியல் படம், பிழைப் படம், தரப் படம் என்று அடுக்குகள் உண்டு. தரப் படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் ஓர் எண்: 4 என்றால் செத்த பிக்சல், 16 என்றால் சூடான பிக்சல், 256 என்றால் நிரம்பி வழிந்தது, 8192 என்றால் காஸ்மிக் கதிர் அடித்தது. இந்த எண்கள் கூட்டாக எழுதப்படுகின்றன. ஒரு பிக்சல் செத்தும் சூடாகவும் இருந்தால் அங்கே 20 என்று இருக்கும். "எண் 4-க்குச் சமமா" என்று கேட்டால் அந்தப் பிக்சல் தப்பிவிடும். இரும எண்ணில் அந்த இலக்கம் இருக்கிறதா என்றுதான் சோதிக்க வேண்டும். துணை இருக்கும் இடத்தில் ஒரே ஒரு சூடான பிக்சல் தப்பினால்கூட அதையே துணை என்று நினைத்துவிடுவீர்கள். இரண்டும் ஒரு பிக்சல் அகலந்தான் தெரியும்.

ஹப்பிள் பூமியைச் சுற்றிய முதல் சுற்றுப்பாதையில் எடுத்த படங்களைப் பிரகாசம் அளக்கப் பயன்படுத்தாதீர்கள். உணரியில் சில மின்னூட்டங்கள் பிடிபட்டு மெல்ல விடுபடுவதால், தொடக்கத்தில் ஒளி கொஞ்சம் குறைவாகப் பதிவாகிப் பிறகு ஏறும். இடம் அளக்க அந்தப் படங்களும் சரிதான்.

சுழற்றிக் கழித்தல்

டிஎஸ்9-ல் ஒரு படத்தைத் திறந்து மடக்கை அளவுகோலில் பாருங்கள். நடுவில் தாய்ப்பொருளான 2எம்1207ஏ, அதிலிருந்து கிளம்பும் ஒளிக்கதிர்கள், சுற்றிலும் மங்கலான வளையம். 0.77 விகலை என்பது ஏறக்குறைய 6 பிக்சல். எச் பட்டையில் (1.6 மைக்ரானை ஒட்டிய அகச்சிவப்பு ஒளி) துணை தாய்ப்பொருளைவிட 190 மடங்கு மங்கல். 6 பிக்சல் தள்ளித் தாய்ப்பொருளின் சிதறல் இன்னும் கொட்டிக்கொண்டிருப்பதால், அங்கே ஏதோ கொஞ்சம் தடித்திருப்பதுபோல் மட்டும் தெரியும். அதை உறுதியான ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது.

இப்போது தொலைநோக்கி ஒரு நிலையில் இருந்தபோது எடுத்த படத்தையும், 25 பாகை திரும்பிய பிறகு எடுத்த படத்தையும் எடுங்கள். ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் ஓரியன்டாட் என்ற வரி, படத்தின் மேல்திசை வானத்தில் எந்தக் கோணம் என்று சொல்லும். அதை வைத்து இரண்டு குவியலாகப் பிரியுங்கள். படங்களைச் சுழற்ற வேண்டாம். தாய்ப்பொருளின் மையத்தை இரண்டிலும் ஒரே இடத்துக்குக் கொண்டுவந்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழியுங்கள். கதிர்களும் வளையமும் கருவியோடு ஒட்டியவை என்பதால் இரண்டிலும் ஒரே இடத்தில் இருந்து ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். துணை மட்டும் அழியாது.

சரியாகச் செய்திருந்தால் மையத்திலிருந்து 6 பிக்சல் தள்ளி ஒரு வெள்ளைப் புள்ளி, அதே தூரத்தில் 25 பாகை தள்ளி ஒரு கறுப்புப் புள்ளி. இரண்டுக்கும் இடைவெளி 2.6 பிக்சல். மாடியில் தலையைச் சாய்த்துப் பார்த்தோமே, அந்தச் சின்ன விளக்கு இதுதான். கண்ணுக்குப் பழக ஒரு நிமிடம் ஆகும். பழகிவிட்டால் எல்லாப் படத்திலும் அந்த இரட்டைப் புள்ளி தெரியும்.

சரியாக வராமல் போவதற்கு ஒரு காரணம் மற்ற எல்லாவற்றையும்விடப் பெரியது. ஹப்பிளின் இந்த உணரியில் பிம்பம் பிக்சலைவிடப் பெரிதாக இல்லை. 1.25 மைக்ரானில் அதன் அகலம் 0.11 விகலை, பிக்சலோ 0.13. ஆகவே மையம் பிக்சலின் நடுவில் விழுந்ததா, ஓரத்தில் விழுந்ததா என்பதைப் பொறுத்துப் படத்தின் தோற்றமே மாறும். அரைப் பிக்சல் நகர்த்திக் கழித்தால் மையத்தைச் சுற்றி வெள்ளையும் கறுப்புமாய்க் கோலம் போட்டதுபோல் மிச்சம் நிற்கும். இதற்கு மருந்து, நகர்த்துவதைக் குறைப்பது. தொலைநோக்கியைச் சிறிது சிறிதாகத் தள்ளித் தள்ளித்தான் படம் எடுத்திருக்கிறார்கள். தலைப்பில் போஸ்டார்க் என்று தொடங்கும் இரண்டு வரிகள் அந்தத் தள்ளலைச் சொல்லும். இரண்டு குவியலிலிருந்தும் ஒரே தள்ளல் உள்ள படங்களை ஜோடி சேர்த்துக் கழித்துவிட்டு, பிறகு எல்லா ஜோடிகளின் இடைநிலை மதிப்பை எடுங்கள். முதலில் எஃப்160டபிள்யூ செய்யுங்கள். அதில் பிம்பம் சற்று அகலம், துணையும் ஒப்பீட்டில் பிரகாசம்.

இடத்தை அளத்தல்

துணையின் பிக்சல் இடத்திலிருந்து தாய்ப்பொருளின் பிக்சல் இடத்தைக் கழித்து, 0.13-ஆல் பெருக்கினால் போதும் என்று தோன்றும். போதாது. எஃப்எல்டி படத்தில் பிக்சல் சதுரம் கிடையாது: ஒரு பக்கம் 0.135 விகலை, மறு பக்கம் 0.121. சதுரம் என்று எடுத்துக்கொண்டால் தூரத்தில் சில விழுக்காடும் கோணத்தில் 3 பாகை வரையும் பிழை வரும். கோப்பின் தலைப்பிலேயே வளைவுத் திருத்தத்தோடு கூடிய வான் ஆயத்தொலைவு விவரம் இருக்கிறது. ஆஸ்ட்ரோபை வழியாக இரண்டு இடங்களையும் வானத்து எண்களாக மாற்றி, அதன் பிறகு கழியுங்கள்.

திசைக்கோணம் வடக்கிலிருந்து கிழக்கு நோக்கி அளக்கப்படுவது. வடக்கு மேலே இருந்தால் வானப் படத்தில் கிழக்கு இடப்பக்கம். நிலப்படம் பார்த்துப் பழகியவர்கள் இங்கே மாற்றிப் போட்டுவிடுவார்கள். சரிபார்க்க ஒரு கணக்கு: ஓரியன்டாட் 40 என்று இருந்தால், திசைக்கோணம் 125 உள்ள துணை, படத்தில் மேல்திசையிலிருந்து இடஞ்சுழியாக 85 பாகையில், அதாவது கிட்டத்தட்ட நேர் இடப்பக்கம் இருக்க வேண்டும். வலப்பக்கம் தேடிக்கொண்டிருந்தால் குறியை மாற்றுங்கள்.

கூடவே நகர்கிறதா?

இந்தச் சோதனைதான் வேலையின் இதயம். 2004-ல் படம் எடுத்தவர்கள் அந்த ஆண்டே "கோள்" என்று அடித்துச் சொல்லவில்லை. 2005-ல் மறுபடி அளந்து, கூடவே நகர்கிறது என்று பார்த்த பிறகுதான் உறுதி செய்தார்கள். உங்களிடம் பத்து ஆண்டு இடைவெளி இருக்கிறது. அவர்களைவிட வசதியான நிலையில் இருக்கிறீர்கள்.

கெய்யா செயற்கைக்கோள் அளந்தபடி 2எம்1207ஏ ஆண்டுக்கு மேற்கே 64 மில்லி விகலையும் தெற்கே 24 மில்லி விகலையும் நகர்கிறது. பத்து ஆண்டில் 0.64, 0.24 விகலை. 2004-ல் துணை இருந்த இடம்: தூரம் 0.772 விகலை, திசைக்கோணம் 125.4 பாகை. பிரித்தால் கிழக்கே 0.63, தெற்கே 0.45.

அந்தப் புள்ளி தொலைவில் அசையாமல் நிற்கும் பின்னணி விண்மீனாக இருந்தால், தாய்ப்பொருள் மேற்கேயும் தெற்கேயும் போகப் போக, புள்ளி அதிலிருந்து கிழக்கேயும் வடக்கேயும் விலக வேண்டும். 2014-ல் கிழக்கே 1.27, தெற்கே 0.21 என்று வந்திருக்கும். தூரம் 1.28 விகலை, திசைக்கோணம் ஏறக்குறைய 99.5. படத்தில் 6-க்குப் பதிலாகக் கிட்டத்தட்ட 10 பிக்சல் தள்ளி நிற்கும்.

உங்கள் கழித்தல் படத்தைப் பாருங்கள். புள்ளி 6 பிக்சலிலேயே இருக்கிறது. பத்து ஆண்டு கூடவே வந்திருக்கிறது.

ஏப்ரலோடு ஏப்ரலை ஒப்பிடுவதன் நன்மையும் இங்கேதான். பூமி சூரியனைச் சுற்றுவதால் வரும் இடமாறு தோற்றம் இந்தப் பொருளுக்கு 15.5 மில்லி விகலை. ஆண்டின் ஒரே சமயத்தில் அளந்தால் அது இரண்டு அளவிலும் ஒன்றுபோலவே இருந்து கழிந்துவிடும். ஏப்ரலையும் அக்டோபரையும் ஒப்பிடுபவர்கள் அதைத் தனியாகக் கணக்கில் எடுக்க வேண்டும்.

துணை தாய்ப்பொருளைச் சுற்றி நகர்ந்திருக்காதா? நகர்ந்திருக்கும், ஆனால் மிகக் கொஞ்சம். இருவரின் மொத்த நிறை வியாழனைப்போல் 30 மடங்கு, அதாவது சூரியனில் 0.029 பங்கு. இடைவெளி 50 வானியல் அலகு (ஓர் அலகு என்பது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரம்) என்றால் கெப்ளர் விதிப்படி ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 2,100 ஆண்டு. பத்து ஆண்டில் அதிகம்போனால் 0.02 விகலை, பிக்சலில் ஆறில் ஒரு பங்கு. உங்கள் அளவில் 2 பாகைக்கு மேல் மாற்றம் வந்தால் சுற்றுப்பாதையைக் கண்டுபிடித்துவிட்டதாக எண்ண வேண்டாம், சதுரமில்லாத பிக்சலைத் திரும்பப் பாருங்கள்.

ஒளியிலிருந்து நிறைக்கு

பிரகாசத்தைப் பொலிவெண்ணில் அளக்கிறோம். 5 எண் வித்தியாசம் என்றால் சரியாக 100 மடங்கு. 1856-ல் இந்தக் கணக்கை முன்வைத்த நார்மன் பாக்சன்தான் 1861 முதல் 1891-ல் இறக்கும்வரை நுங்கம்பாக்கத்திலிருந்த மெட்ராஸ் வான் ஆய்வகத்தை நடத்தியவர். அவரோடு பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-ல் இங்கிருந்தே ஒரு மாறொளிர் விண்மீனைக் கண்டுபிடித்தார். நாம் இப்போது போடும் கூட்டல் கழித்தலுக்கு நம் ஊரோடு இப்படியொரு தொடர்பு உண்டு.

வெளியான அளவுகளின்படி வித்தியாசம் ஜே பட்டையில் (1.25 மைக்ரான்) 7.0 எண், எச் பட்டையில் 5.7, கே பட்டையில் (2.2 மைக்ரான்) 5.0, 3.8 மைக்ரானில் 3.9. மடங்கில் சொன்னால் 630, 190, 100, 36. அலைநீளம் கூடக் கூடத் துணை நெருங்கி வருகிறது. இவ்வளவு சிவப்பு என்றாலே வெப்பம் குறைவு, அதோடு தூசு மேகம் தடிப்பு என்று பொருள்.

உங்கள் படத்தில் அளக்கும்போது வட்டத்தின் ஆரம் 1.3 பிக்சலைத் தாண்டக் கூடாது. 2.6 பிக்சலில் கறுப்புப் புள்ளி இருக்கிறது; பெரிய வட்டம் போட்டால் அது ஒளியைத் தின்றுவிடும். தாய்ப்பொருளையும் அதே ஆரத்தில் அளந்தால், வட்டத்துக்கு வெளியே போன ஒளி விகிதத்தில் அடிபட்டுப் போகும். அதற்குப் பிறகு கட்டாயம் செய்ய வேண்டியது ஒன்று உண்டு: தாய்ப்பொருளின் படத்தையே 190-ஆல் வகுத்து, அதே 6 பிக்சல் தூரத்தில், வேறு வேறு கோணங்களில் போலித் துணையாக ஒட்டி, முழு வேலையையும் திரும்பச் செய்யுங்கள். போட்ட ஒளியில் எத்தனை விழுக்காடு திரும்பி வருகிறது, ஒவ்வொரு கோணத்திலும் எவ்வளவு மாறுகிறது என்பதுதான் உங்கள் உண்மையான பிழை அளவு. ஹப்பிள் வடிகட்டிகளும் ஜே, எச் பட்டைகளும் ஒன்றல்ல. அச்சு அசலாக 630, 190 வராவிட்டால் பதற வேண்டாம்.

நிறைக்குப் போக மொத்த ஒளி வேண்டும். துணையின் கே பட்டைப் பொலிவெண் 16.93. எல்லா அலைநீளத்தையும் சேர்க்கும் திருத்தம் ஏறக்குறைய 3.25, கூட்டினால் 20.18. தொலைவு 64.5 பார்செக், அதாவது 210 ஒளியாண்டு. அதற்கான கழிவு 4.05. மிஞ்சுவது 16.13. சூரியனுக்கு இதே எண் 4.74. வித்தியாசம் 11.39. பாக்சன் கணக்கில் இது 36,000 மடங்கு. அதாவது துணை வெளியிடுவது சூரிய ஒளியில் 36,000-ல் ஒரு பங்கு.

தொலைவில் கவனம் வேண்டும். தொடக்கத்தில் 70 பார்செக் என்றார்கள், பிறகு 52 என்றார்கள், கெய்யா வந்து 64-க்கு மேல் என்று உறுதி செய்தது. தொலைவின் இருமடி ஒளியில் வருவதால் 52-லிருந்து 64.5-க்குப் போனாலே ஒளி ஒன்றரை மடங்காகிறது. பழைய கட்டுரைகளில் இடைவெளி 41 வானியல் அலகு, 55 வானியல் அலகு என்று வேறு வேறாக இருப்பதற்கும் இதுதான் காரணம். கோணம் மாறவில்லை.

இந்த ஒளியையும் வயதையும் குளிர்தல் அட்டவணையில் பொருத்த வேண்டும். பழுப்புக் குறுமீனும் அதைவிடச் சிறியதும் பிறந்த சூட்டில் ஒளிர்ந்து, நாளாக நாளாக ஆறுகின்றன. ஆகவே வயது தெரியாமல் நிறை கிடையாது. 2எம்1207, டிடபிள்யூ ஹைட்ரே என்ற இளம் விண்மீன் கூட்டத்தின் உறுப்பினர். கூட்டத்தின் வயது ஏறக்குறைய 1 கோடி ஆண்டு. அட்டவணை எடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பராஃப் குழுவின் 2015 அட்டவணை சூரியனில் 0.01 பங்கோடு நின்றுவிடுகிறது, அது வியாழனைப்போல் 10 மடங்கு. அதில் தேடினால் கடைசி வரியில் முட்டிக்கொண்டு 10 என்று தவறாக எழுதிவிடுவீர்கள். அவர்களுடைய 2003 அட்டவணை இன்னும் கீழே போகிறது. ஆனால் அது மேகம் இல்லாத வளிமண்டலத்துக்குப் போட்டது. ஜே, எச் பொலிவெண்களை அதில் பொருத்தாமல் மொத்த ஒளி நிரலை மட்டும் பயன்படுத்துங்கள். விடை 5-ஐ ஒட்டி வரும். ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியின் நிறமாலையோடு 2023-ல் வெளியான மதிப்பு வியாழனைப்போல் 5 முதல் 6 மடங்கு.

இங்கே கொஞ்சம் நின்று ஒரு பழைய புதிரையும் போட்டுப் பாருங்கள், அதற்கு ஐந்து நிமிடம்தான் ஆகும். முதலில் வந்த நிறமாலைகளைப் படித்தவர்கள் துணையின் வெப்பநிலை 1,600 கெல்வின் என்றார்கள். ஒளியும் வெப்பநிலையும் தெரிந்தால் ஆரம் தெரியும். நம் 36,000-ல் ஒரு பங்கை வைத்துக் கணக்கிட்டால் ஆரம் வியாழனில் 0.7 பங்குதான் வருகிறது. பிறந்து 1 கோடி ஆண்டே ஆன, இன்னும் சுருங்கி முடியாத பொருள் வியாழனைவிடச் சிறியதாக இருக்க வழியில்லை. பக்கவாட்டில் தூசுத் தட்டு மறைக்கிறது என்றுகூட விளக்கம் சொன்னார்கள். விடை வளிமண்டலத்தில் இருந்தது. தடித்த மேகம் இருந்து, கீழிருந்து கிளறப்படும் கார்பன் மோனாக்சைடு மீத்தேனாக மாற நேரமில்லாமல் போனால், ஆறிப்போன பொருளும் சூடான பொருளைப்போன்ற நிறமாலையைக் காட்டும். ஆரத்தை 1.4 என்று வைத்துத் திரும்பப் போட்டால் வெப்பநிலை 1,100 கெல்வின் பக்கம் வருகிறது. ஜேம்ஸ் வெப் நிறமாலையிலும் எதிர்பார்த்த வலுவான மீத்தேன் இல்லை. ஆனால் ஹைட்ரஜன் ஒளிர்கோடுகள் இருந்தன. துணையின் மேல் இன்னும் பொருள் விழுந்துகொண்டிருக்கிறது.

கோள் என்று சொல்லலாமா?

பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் 2018 வரையறையில், 13 மடங்குக்குக் கீழே இருப்பதோடு, தாய்ப்பொருளின் நிறையில் 25-ல் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்றும் உண்டு. இங்கே தாய்ப்பொருள் 25 வியாழ நிறை, துணை 5. விகிதம் ஐந்தில் ஒன்று. வரையறைப்படி கோள் இல்லை. நாசாவின் புறக்கோள் காப்பகமோ இந்த விகிதத்தைப் பார்க்காததால் பட்டியலில் வைத்திருக்கிறது.

பிறப்பும் வரையறைப் பக்கமே சாய்கிறது. தாய்ப்பொருளைச் சுற்றும் தட்டின் நிறை பொதுவாக அதன் நிறையில் நூற்றில் ஒரு பங்கு அளவில் இருக்கும் என்று கொண்டால், கிடைப்பது வியாழனில் கால் பங்கு. அதை வைத்து 5 வியாழனைச் செய்ய முடியாது. ஒரே வாயு மேகம் இரண்டாக உடைந்து, பெரிய துண்டு ஒன்று, சின்னத் துண்டு ஒன்று என்று பிறந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இரட்டை விண்மீனின் மிகச் சிறிய வடிவம் என்று எண்ணுவதே பொருத்தம் என்பது எங்கள் கருத்து. எழுதும்போது "கோள்நிறைத் துணை" என்றே எழுதுங்கள்.

அடுத்து எதை எடுப்பது

விஎச்எஸ் 1256 எளிது. துணை 8 விகலை தள்ளி இருக்கிறது, கழிக்கவே வேண்டாம். தாய்ப்பொருளே இரட்டை. துணையின் நிறை 12-ஆ 16-ஆ என்று இரண்டு விடை வருவதால் 13 என்ற கோட்டின் மேலேயே நிற்கிறது. டியூட்ரியம் எரிந்ததா இல்லையா என்பதைப் பொறுத்து விடை மாறும். நம் ஊரில் அது தெற்கே ஏறக்குறைய 64 பாகை உயரம்வரை வரும்.

டாரஸ் மண்டலத்தில், 2010-ல் அறிவிக்கப்பட்ட 2எம்0441-ல் இடைவெளி 0.1 விகலைதான். மேலே சொன்ன முறை அங்கே எடுபடாது, ஒரு பிக்சலுக்குள் இரண்டும் விழுந்துவிடும். ஓஃப் 98 அகன்ற ஜோடி, நிறை வியாழனைப்போல் 15 மடங்கும் 8 மடங்கும், இடைவெளி 200 வானியல் அலகு. வயது 30 லட்சம் ஆண்டு என்பதால் வயதுப் பிழை நிறையை எப்படி ஆட்டுகிறது என்று பார்க்க நல்லது. இதே ஒபியூகஸ் பகுதியில் 2006-ல் 14-ம் 7-ம் என்று அறிவிக்கப்பட்ட ஒரு ஜோடியின் நிறைகளை அடுத்த ஆண்டே மேலே உயர்த்த வேண்டியதாயிற்று.

படமே எடுக்க முடியாதவையும் உண்டு. 2012-ல் ஈர்ப்பு வில்லை முறையில் சிக்கிய ஓஜிஎல்இ-2012-பிஎல்ஜி-0358, 23 வியாழ நிறையுள்ள பழுப்புக் குறுமீனை 2 வியாழ நிறைக்குச் சற்றுக் குறைவான துணை 0.87 வானியல் அலகில் சுற்றும் அமைப்பு. ஒன்றையொன்று மறைக்கும் இரட்டைப் பழுப்புக் குறுமீனான 2எம்1510-ஐச் செங்குத்துப் பாதையில் ஒரு கோள் சுற்றுவதற்கான சான்று 2025-ல் வந்தது. அந்த இரட்டையின் சுற்றுப்பாதை எதிர்த்திசையில் மெல்லத் திரும்புவதை ஆரத்திசை வேகத்தில் (நம்மை நோக்கியோ விலகியோ நகரும் வேகம்) அளந்து அறிந்தார்கள்.

2எம்1207-க்கு மீண்டும் போக விரும்பினால், அதே ஹப்பிள் படங்களில் நேரவரிசை வேலை ஒன்று மிச்சம் இருக்கிறது. ஒவ்வொரு படத்திலும் துணையின் ஒளியைத் தனித்தனியாக அளந்து நேரத்துக்கு எதிராகக் குறியுங்கள். 2016-ல் வெளியான ஆய்வு இதே தரவிலிருந்து 10.7 மணி நேரச் சுழற்சியைக் கண்டது. கோடு ஏறி இறங்குவது மேகத் திட்டுகள் வந்து போவதால். மொத்தப் படப்பிடிப்பே ஒன்பது மணி நேரம்தான் என்பதால் ஒரு முழுச் சுற்றுகூட அதில் இருக்காது. முதல் சுற்றுப்பாதையின் உணரி ஏற்றத்தைச் சரிசெய்யாமல் விட்டால் அந்த ஏற்றத்தையே மேகம் என்று படித்துவிடுவீர்கள். தாய்ப்பொருளின் ஒளியையும் அதே முறையில் குறித்து, இரண்டையும் ஒரே தாளில் பக்கத்துப் பக்கத்தில் வரையுங்கள்.